நாவலா படமா, எதுலேந்து ஆரம்பிக்கிறது?

பொன்னியின் செல்வன் முதல் பாகம் 2022 செப்டம்பர் கடைசில தியேட்டருக்கு வந்தப்போ ரெண்டு பக்கத்துலேந்தும் புகார் கிளம்புச்சு. நாவல் படிச்சவங்க இது விட்டுப்போச்சு அது மாறிப்போச்சுன்னாங்க, படிக்காதவங்க யாரு யாருக்கு என்ன உறவுன்னே பிடிபடல, படிச்சிட்டு வந்தாத்தான் புரியும்னா படம் எதுக்குன்னாங்க. ஒரு பெரிய நாவல் படமாகும்போதெல்லாம் இதே பேச்சுதான், கடைசில "எப்பவுமே புக்குதான் பெஸ்ட்"னு ஒரு தீர்ப்பு சொல்லி முடிச்சிடுவாங்க. அந்தத் தீர்ப்ப என்னால ஏத்துக்க முடியல. எல்லா நாவலுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

நான் நம்புறது இதுதான். முதல்ல அந்த நாவலோட உயிர் எங்க இருக்குன்னு பாக்கணும், நடக்கிற சம்பவங்கள்லயா, இல்ல அத சொல்ற குரல்லயா. சம்பவத்துல இருந்துச்சுன்னா படத்த முதல்ல பாத்தாலும் பெருசா ஒண்ணும் போயிடாது, சில சமயம் நல்லதுகூட. குரல்ல இருந்துச்சுன்னா தயவுசெஞ்சு முதல்ல படிங்க, ஏன்னா அந்தக் குரல் உங்க தலைக்குள்ள ஒரு தடவதான் புதுசா ஒலிக்கும். இதுல ஸ்பாய்லர் பிரச்சினைய நான் பெருசா எடுத்துக்கல. முடிவு தெரிஞ்சா கெட்டுப்போற நாவல் அம்பது வருஷம் தாண்டி நிக்காது, நல்ல நாவல ஜனங்க ரெண்டாவது மூணாவது தடவயும் படிக்கிறாங்கதானே.

முதல்ல கணக்கப் பாத்துடலாம், பாதி சண்ட அதுலயே தீந்துடும். ஸ்க்ரீன்ப்ளே எழுதுறவங்க கிட்ட ஒரு பொதுக்கணக்கு உண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம். அதாவது ரெண்டே முக்கா மணி நேரப் படம்னா சுமாரா 165 பக்கம் ஸ்க்ரிப்ட். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், எந்தப் பதிப்ப எடுத்தாலும் 2,000 பக்கத்துக்கு மேல, படிக்க பக்கத்துக்கு 2 நிமிஷம்னு வச்சாலே 66 மணி நேரத்துக்கு மேல போகும். ரெண்டு படத்தையும் சேத்தா அஞ்சரை மணி நேரம். பன்னெண்டு மணி நேரம் படிக்க வேண்டியத ஒரு மணி நேரத்துல காட்டணும், இதுல வெட்டு விழாம எப்படி? அதனால "ஏன் வெட்டுனாங்க"ங்கிறத விட "எத வெட்டுனாங்க, அதுக்கு பதிலா எதக் குடுத்தாங்க"ன்னு கேட்டாத்தான் ஏதாவது தெரிய வரும்.

கல்கி அத எழுதுன விதத்தையும் சேத்துப் பாக்கணும். 1950 அக்டோபர்லேந்து 1954 மே வரைக்கும், மூணரை வருஷம், வாராவாரம் கல்கி பத்திரிகைல வந்தது. முன்னூறுக்குக் கொஞ்சம் கம்மியான அத்தியாயங்கள். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு இடத்துல நிறுத்தி அடுத்த வாரம் வரைக்கும் ஆள இழுத்துப்பிடிக்கணும், அதனால ஒரு கதவு திறக்கும், ஒரு நிழல் அசையும், அங்க அத்தியாயம் முடிஞ்சிடும். நடுவுல இவரு நிதானமா வாசகர்கிட்ட பேசுவாரு, சரித்திரம் சொல்லுவாரு, தீவிர வைஷ்ணவரான ஆழ்வார்க்கடியான் நம்பிய வீரசைவர்களோட வாக்குவாதம் பண்ணவிட்டு வேடிக்கை பாப்பாரு. அந்த வாக்குவாதம் கதைக்குத் தேவையான்னா தேவையில்ல, ஆனா அந்த நிதானம்தான் அந்த நாவல். இந்த அமைப்புக்கு சினிமாவ விட நாப்பது அம்பது எபிசோட் ஓடுற வெப் சீரிஸ்தான் இயல்பா பொருந்தும், ரெண்டு படமா சுருக்கும்போது போறது சம்பவத்த விட இந்த நிதானம்தான்.

ஆனா படம் என்ன பண்ணுச்சுன்னு நியாயமா பாக்கணும். நாவல் கதாநாயகன் வந்தியத்தேவன ஒரு ஆடிப்பெருக்கு நாள்ல வீராணம் ஏரிக்கரைல குதிரைல ஏத்தி ஆரம்பிக்குது, ஊர் ஜனம் ஏரிக்கரைல கொண்டாடிக்கிட்டு இருக்கு, கதை மெதுவாத்தான் கிளம்புது. படம் போர்ல ஆரம்பிக்குது, சோழ பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன முன்னாடி நிறுத்துது. இது சும்மா பிரம்மாண்டத்துக்காக பண்ணதுன்னு நான் நெனைக்கல. நாவல்ல கரிகாலன் ரொம்ப நேரம் மத்தவங்க பேச்சுலதான் இருக்கான், அவனோட வெறியும் வலியும் நமக்குத் துண்டுதுண்டாத்தான் வந்து சேருது. படத்துக்கு அவ்வளவு நேரமில்ல, அதனால கரிகாலனுக்கும் அவன் முன்னாடி காதலிச்ச நந்தினிக்கும் நடுவுல உள்ள விஷயத்தையே படத்தோட முதுகெலும்பா ஆக்கிக்கிச்சு. அப்படி ஆக்குன உடனே மத்தது தானா உதிருது. மணிமேகலை இல்ல, வந்தியத்தேவனோட நண்பன் கந்தமாறனோட தங்கச்சி, வந்தியத்தேவன மனசுல வச்சுக்கிட்டு அவன காப்பாத்த கொலைப்பழியக்கூட தன் மேல போட்டுக்கிறவ, நாவலோட கடைசி அத்தியாயமே அவளோடதுதான், அப்படிப்பட்ட பாத்திரம் படத்துல கிடையவே கிடையாது. சேந்தன் அமுதன் வர்றான், ஆனா நாவல்ல அவன வச்சு கடைசில ஒரு பெரிய திருப்பம் இருக்கு, அது இல்ல. கரிகாலன் சாவு விஷயத்துல கல்கி கடைசி வரைக்கும் சந்தேகத்த முழுசா தீக்காம விட்டுட்டாரு, ஆளாளுக்கு நான்தான் காரணம்னு சொல்ற மாதிரி வரும். படத்துல அந்த இடம் ரெண்டு பேரோட கதைக்கு முடிவா ஆகிடுது, அதுல ஒரு அழுத்தம் இருக்கு, ஆனா மர்மம் போயிடுச்சு.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, படத்த மட்டும் பாத்தவங்களுக்கு நாவல் இன்னும் கெட்டுப்போகல. அந்த சேந்தன் அமுதன் திருப்பம் என்னன்னு நான் இங்க சொல்லல, படம் பாத்துட்டு படிக்கிறவங்களுக்கு அது அப்படியே புதுசா காத்துக்கிட்டு இருக்கு. அதோட இந்த நாவல்ல புதுசா வர்றவங்கள விரட்டுறது பேருங்கதான், பழுவேட்டரையர்ல பெரியவரு சின்னவரு, பாண்டிய ஆபத்துதவிகள், கொடும்பாளூர்க்காரங்க, யாரு எந்தப் பக்கம்னே குழம்பும். படம் பாத்திருந்தா அந்தக் குழப்பம் பாதி இல்ல. அதனால பொன்னியின் செல்வனுக்கு படம் முதல்லன்னா எனக்கு ஆட்சேபமே இல்ல, கல்கியோட குரல் விருந்துக்கு கூப்பிட்டு உக்கார வைக்கிறவரோட குரல், கதை தெரிஞ்சவன் வந்தாலும் அதே மரியாதையோட கூப்பிடும்.

"படம் பாத்தா அந்த நடிகர் முகம்தான் வரும், நம்ம கற்பனை போயிடும்"னு ஒரு வாதம் உண்டு. உண்மைதான், ஆனா நம்ம ஊரு தொடர்கதை வாசகர்களுக்கு வெறும் கற்பனை எப்ப இருந்துச்சு? பொன்னியின் செல்வன் வந்த காலத்துலயே ஓவியர் மணியம் வாராவாரம் வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் வரஞ்சு குடுத்துட்டாரு, கொண்டைய எப்படி போட்டா, நகை எப்படி இருந்துச்சுன்னு எல்லாமே கண்ணு முன்னாடி இருந்துச்சு, அந்த வாசகர்களுக்கு நந்தினின்னா அந்த நந்தினிதான். தில்லானா மோகனாம்பாள் ஆனந்த விகடன்ல வந்தப்போ கோபுலுவோட கோடுகள்தான் முதல்ல முகம் குடுத்துச்சு, 1968ல படம் அப்புறம்தான். அதுக்கும் முன்னாடி 1939ல தியாகபூமி, அது இன்னும் ஒரு படி மேல. விகடன்ல கல்கியோட தொடர் வந்துக்கிட்டு இருக்கும்போதே கே. சுப்பிரமணியம் படத்த எடுத்துக்கிட்டு இருந்தாரு, பத்திரிகைல ஓவியத்துக்கு பதிலா படத்தோட ஸ்டில்லுங்களயே போட்டாங்க. படிக்கிறதும் பாக்கறதும் ஒரே சமயத்துல, யாருக்கும் எது முதல்லன்னு கேக்கவே வாய்ப்பில்ல. அதனால முகம் பதியிறத நான் பெரிய நஷ்டமா பாக்கல, நல்ல எழுத்து நூறு பக்கத்துல அந்த முகத்த தன் இஷ்டத்துக்கு மாத்திடும்.

உலகத்துலயே படம் முதல்லன்னு நான் தயங்காம சொல்றது காட்ஃபாதருக்கு. மரியோ பூஸோவோட நாவல் 1969, படம் 1972, ஸ்க்ரீன்ப்ளேல பூஸோவும் சேந்து எழுதியிருக்காரு. நாவல்ல ஜானி ஃபான்டேன் கதை, லூசி மான்சினி கதைன்னு பக்கம் பக்கமா போகும், படம் அதையெல்லாம் சுருக்கியும் தூக்கிப்போட்டும் ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு வாரிசுரிமைன்னு நேரா போயிடுச்சு, விட்டோவோட இளமைக்காலத்த எடுத்து வச்சு 1974ல ரெண்டாம் பாகத்துக்கு பயன்படுத்திக்கிச்சு. சம்பவத்துல உயிர் இருக்கிற நாவலுக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்காது.

சின்ன நாவல்னா கதை தலைகீழ். பூமணியோட வெக்கை 1982ல வந்தது, இருநூறு பக்கத்துக்குள்ள அடங்கிடும், அதுலேந்துதான் வெற்றிமாறன் 2019ல அசுரன் எடுத்தாரு. இங்க வெட்ட வேண்டிய அவசியமே இல்ல, சேக்கத்தான் வேண்டியிருக்கு. எத சேத்தாங்கங்கிறதுலதான் ரெண்டு படைப்பும் தனித்தனியா பிரியுது, இந்த ஒரு ஜோடிய கவனிச்சு பாத்தாலே நாவல் படமாகறது பத்தி நிறைய புரிஞ்சிடும்னு நான் நெனைக்கிறேன்.

வெக்கைல கொலை ஆரம்பத்துலயே முடிஞ்சிடுது. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம், அண்ணனக் கொன்ன வடக்கூரான வெட்டிட்டு ஓடுறான், கைய வெட்டணும்னுதான் போனான், ஆளே போயிட்டான். அதுக்கப்புறம் அப்பாவும் மகனும் காட்டுலயும் மலைலயும் கண்மாய்க்கரைலயும் ஒளிஞ்சு திரியிற சில நாட்கள், அவ்வளவுதான் நாவல். என்ன நடக்கப்போகுதுங்கிற பதற்றம் உண்டு, ஆனா பூமணி கவனம் முழுக்க வேற எங்கயோ இருக்கு. பொங்கித் தின்றது, தண்ணி தேடறது, எந்தப் பாறை இடுக்குல படுத்தா பாதுகாப்புன்னு அப்பா பாத்து வைக்கிறது, அம்மா என்ன பண்றாளோன்னு பையனுக்கு வர்ற நெனப்பு, செத்துப்போன அண்ணன் பத்தின ஞாபகம். கொலை பண்ண பையன அப்பா அடிக்கல, திட்டல, ஒரு சக ஆள் மாதிரி பேசிக்கிட்டே கூட்டிட்டுப் போறாரு. சாதிப் பேரு எதுவும் வெளிப்படையா சொல்றதில்ல, நிலம், அதிகாரம், பகை இது எப்படி மேலயும் கீழயும் இயங்குதுன்னு பேச்சுலயே தெரிஞ்சிடும்.

அசுரன்ல அப்பா வேற ஆளு. சிவசாமி முதல்ல குடிச்சிட்டு அடங்கிப்போற மனுஷனா வர்றாரு, பையனுக்கே அப்பா மேல மதிப்பில்ல, அப்புறம் ஒரு இடத்துல அந்த அமைதி உடையுது, தியேட்டர் அதிருது. இந்த மாற்றம் நாவல்ல இல்லவே இல்ல. அதோட படத்துல நீளமா ஒரு ஃபிளாஷ்பேக், தலித் மக்களுக்குன்னு அரசு குடுத்த பஞ்சமி நிலம், செருப்பு போட்டதுக்காக ஒரு பொண்ண அவமானப்படுத்துறது, குடிசைக்கு தீ வைக்கிறது, இதெல்லாம் படம் கொண்டு வந்தது, அந்தத் தீய பாக்கும்போது 1968ல கீழ்வெண்மணில தலித் கூலிக்காரங்கள குடிசையோட எரிச்சது ஞாபகம் வராம இருக்காது. நாவல் பேர் சொல்லாம விட்டத படம் உரக்கச் சொல்லுது. ஏன் இப்படின்னு யோசிச்சா ரெண்டு காரணம் தெரியுது. ஒண்ணு, பதினஞ்சு வயசுப் பையனோட கண்ணு வழியா போற கதை, அத ஒரு ஸ்டார் நடிக்கிற படமா மாத்தணும்னா மையம் அப்பாவுக்கு நகந்தாகணும், நகந்த உடனே அந்த அப்பாவுக்குன்னு ஒரு கடந்தகாலம் வேணும். இன்னொண்ணு, காட்டுல நடக்கிற சின்னச் சின்ன காரியங்கள கேமரா காட்டுனா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். எழுத்துல ஒரு பையன் பசியோட உக்காந்திருக்கிறத மூணு பக்கம் சொல்லி நம்மளயும் பக்கத்துல உக்கார வச்சிடலாம், திரைல அதே விஷயத்துக்கு வேற பலம் வேணும்.

நான் ரெண்டையும் மதிக்கிறேன், தனுஷுக்கு அந்தப் படத்துக்கு தேசிய விருது குடுத்தது சரிதான். ஆனா வரிசைன்னு வந்தா வெக்கைய முதல்ல படிங்கன்னுதான் சொல்லுவேன், ரொம்ப உறுதியா. படத்தோட கோபத்துல நனைஞ்சிட்டு நாவலுக்குள்ள போனா, எங்க அந்த ஃபிளாஷ்பேக், எங்க அந்த சண்டைன்னு மனசு தேடிக்கிட்டே இருக்கும், கிடைக்கலன்னதும் நாவல் மெதுவா போகுதுன்னு கீழ வச்சிடுவாங்க. அதோட அந்தக் கரிசல் பேச்சு, முதல் பத்து பக்கம் பழகுற வரைக்கும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பழகிட்டா அப்பாவும் மகனும் பேசறது காதுல விழ ஆரம்பிச்சிடும்.

குரல் விஷயத்துல இன்னும் கடுமையான சோதனை ஜெயகாந்தனோட சில நேரங்களில் சில மனிதர்கள். இதோட பிறப்பே விசேஷமானது. 1966ல விகடன்ல அக்கினிப் பிரவேசம்னு ஒரு சிறுகதை எழுதுனாரு, மழைல பஸ்ஸுக்காக நின்ன ஒரு காலேஜ் பொண்ணு யாரோ ஒருத்தன் கார்ல ஏறிட்டு, கெட்டுப்போயிட்டேன்னு வீட்டுக்கு வந்து அழறா, அம்மா அவ தலைல தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லிடறா. பெரிய எதிர்ப்பு வந்துச்சு, அம்மா எப்படி அப்படி சொல்லலாம்னு. ஜெயகாந்தன் பதிலுக்கு ஒரு நாவலே எழுதிட்டாரு, சரி அந்த அம்மா அப்படி சொல்லாம கத்தி ஊரக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆகியிருப்பான்னு. நாவல்ல அந்தப் பொண்ணு பேரு கங்கா, அவ அந்தச் சிறுகதையவே ஒரு பத்திரிகைல படிக்கிறா, தனக்கு நடந்தத யாரோ வேற முடிவோட எழுதி வச்சிருக்கான்னு அதிர்ச்சியாகறா, அங்கேந்து எழுதுனவரையும் அந்த கார்க்காரனையும் தேடிப் போகுது கதை. 1972ல சாகித்ய அகாதமி விருது வாங்குன நாவல் இது.

கங்காவே சொல்ற கதை இது. அவ ஒண்ண நெனைப்பா, அடுத்த வரில அது சரியான்னு அவளே சந்தேகப்படுவா, பஸ்ல ஒருத்தன் உரசுனா அந்த அருவருப்ப சொல்லும்போதே தன்ன பத்தியும் கேள்வி கேட்டுக்குவா, அந்த கார்க்காரன் பிரபுவ வெறுக்கணும்னு நெனைச்சு வெறுக்க முடியாம போறத தனக்கே ஒளிச்சு ஒளிச்சு சொல்லுவா. இந்த முன்னும் பின்னுமா போற மனச கேமரா எப்படிக் காட்டும்? வாய்ஸ் ஓவர் போடலாம், ஆனா நிமிஷத்துக்கு நிமிஷம் போட முடியாது. பீம்சிங் டைரக்ட் பண்ண படத்துக்கு ஸ்க்ரீன்ப்ளே எழுதுனதே ஜெயகாந்தன்தான், அதனால எழுத்தாளர புரிஞ்சுக்கல, கதைய கெடுத்துட்டாங்கங்கிற வழக்கமான புகாருக்கு இங்க இடமே இல்ல. அப்படியிருந்தும் படத்துல இருக்கிற கங்கா வேற அனுபவம்தான். லக்ஷ்மி அதுல பண்ணது பெரிய காரியம், தேசிய விருதும் வாங்குனாங்க, பத்து வரில கங்கா யோசிக்கிறத ஒரு பார்வைய திருப்பிக்கிறதுல கொண்டு வந்துடறாங்க. ஆனா அந்தப் பார்வைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நாவல் படிச்சவங்களுக்குத்தான் முழுசா தெரியும், படிக்காதவங்களுக்கு அது ஒரு அழகான மௌனமா மட்டும் நின்னுடும். இங்க புக்கு முதல்லங்கிறது நாவலுக்காக மட்டும் சொல்றதில்ல, படமே அப்பத்தான் இன்னும் ஆழமாத் தெரியும்.

மோகமுள்ல இன்னொரு விதமான சிக்கல், சங்கீதம். தி. ஜானகிராமன் பாட்ட எழுதும்போது நமக்குள்ள ஏதோ ஒண்ணு ஒலிக்கும், கதாநாயகன் பாபுவோட சங்கீத குரு ரங்கண்ணா தம்புரா முன்னாடி உக்காந்திருக்கிற இடமெல்லாம் படிக்கும்போது உலகத்துலயே ரொம்ப சுத்தமான சுருதி கேட்ட மாதிரி இருக்கும், நெஜத்துல எதுவுமே கேக்கல. 1995ல ஞான ராஜசேகரன் படமா எடுத்தப்போ இளையராஜா இசை, அருமையான பாட்டுங்க. ஆனா ஒரு பாட்டு காதுல விழுந்துடுச்சுன்னா இனிமே அதுதான் பாபுவோட சங்கீதம். நடிகர் முகத்த எழுத்து மாத்திடும்னு மேல சொன்னேன், பாட்டு விஷயத்துல எனக்கு அந்த தைரியம் இல்ல, ராகம் ஒட்டிக்கிட்டா போகாது. அதனால இதையும் முதல்ல படிக்கிற பக்கத்துலதான் வைப்பேன்.

மூலத்த விட்டு தூரமா போயிட்ட படங்களுக்கு வரிசையே முக்கியமில்ல. மகேந்திரனோட உதிரிப்பூக்கள் 1979, புதுமைப்பித்தனோட சிற்றன்னைலேந்து கிளம்புனது. ஒரு அப்பா, தாயில்லாத பிள்ளைங்க, புதுசா வர்ற சித்திங்கிற விதை மட்டும்தான் பொதுவா இருக்கு, சுந்தரவடிவேலுங்கிற பேரு ரெண்டுலயும் இருக்கு, ஆனா படத்துல ஊரே வெறுக்கிற அந்தக் குரூரமான மனுஷனும் ஆத்துல அவனுக்கு வர்ற முடிவும் மகேந்திரனோடது. ரெண்டையும் எப்படி வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஒண்ணு இன்னொண்ண தொடாது. பதேர் பாஞ்சாலிங்கிற வங்காள நாவல்ல விபூதிபூஷண் துர்காவ ரயிலே பாக்க விடாம சாக விட்டுட்டாரு, காய்ச்சல்ல படுத்திருக்கும்போது தம்பிகிட்ட எனக்கு ஒரு நாள் ரயில் காட்டுவியான்னு கேப்பா. 1955 படத்துல சத்யஜித் ராய் பூத்துக்கிடக்கிற நாணல் வழியா அக்கா தம்பி ரெண்டு பேரையும் ரயில பாத்து ஓட வச்சாரு, அது உலக சினிமாலயே மறக்க முடியாத காட்சிகள்ல ஒண்ணாயிடுச்சு. நாவல்ல ரயில் இல்லாததுதான் வலி, படத்துல ரயில் வந்ததுதான் அழகு, ரெண்டுல எது சரின்னு கேக்கறதுல அர்த்தமே இல்ல.

ஏற்கனவே படம் பாத்தாச்சு, இனிமே என்ன பண்றதுன்னு கேக்கறவங்கதான் அதிகம். படம் பாத்த சூட்டோட சூடா புக்க எடுக்காதீங்க, கொஞ்ச மாசம் போகட்டும், காட்சிங்க மங்கட்டும். எடுத்த உடனே படத்தோட ஒப்பிட்டுக்கிட்டே போகாம, படத்துல இல்லாத ஆளுங்கள கவனிங்க, பொன்னியின் செல்வன்னா மணிமேகலையோட வர்ற அத்தியாயங்கள்ல மனச குடுங்க, அங்க உங்களுக்கு எந்த நடிகர் முகமும் குறுக்க வராது. வாரப் பத்திரிகைக்கு எழுதுனத ஒரே மூச்சுல நூறு பக்கம் படிச்சா சலிக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு அத்தியாயம் போதும், கல்கி கொக்கி போட்டு நிறுத்துற இடத்துல நீங்களும் நிறுத்துங்க. படிக்க நேரமே இல்லன்னா ஆடியோபுக்கும் தாராளமா கேக்கலாம், குரல்ல உயிர் இருக்கிற நாவலுக்கு அதுகூட படத்த விட கிட்டத்துல இருக்கு.

எதுலயும் கால் வைக்கலன்னா ஜெயகாந்தன்லேந்து ஆரம்பிங்கன்னு சொல்லுவேன். முதல்ல அக்கினிப் பிரவேசம், அது சிறுகதைதான், ஒரே உக்காரல்ல முடிஞ்சிடும். அடுத்து நாவல், அவசரமே வேணாம், கங்கா பேச்ச அவ வேகத்துலயே கேளுங்க. அதுக்கப்புறம் லக்ஷ்மி நடிச்ச படம். ஒரே பொண்ணோட வாழ்க்கை, ஒரே எழுத்தாளர் மூணு வடிவத்துலயும் இருக்காரு, ஒவ்வொரு தடவையும் எத விட்டாரு எத மாத்தினாருன்னு நீங்களே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கலாம்.